நெவெனா திரை கேட்டாள்

செப்டம்பர் மாதம் எங்கள் குடியிருப்பில் யாரும் மாடிப்படியில் அவசரமாக ஏற மாட்டார்கள். ஒவ்வொரு பால்கனியிலும் சிவப்புக் குடமிளகாய் சுடுவார்கள். தோல் கருகி வெடிக்கிற வாசனை ஐந்து மாடிக்கும் பரவி நிற்கும். படியில் நின்று, "உங்க வீட்டுல எத்தன மூட்ட? எங்க வீட்டுல இன்னும் முடியல" என்று பேசிவிட்டுத்தான் மேலே போவோம். குளிர்காலம் முழுக்க ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அந்த மாதம்தான் சட்டினி கிண்டிப் புட்டியில் அடைக்க வேண்டும். டான்யூப் ஆற்றிலிருந்து ஈரக்காற்று ஏறி வரும். ஆற்றுக்கு அக்கரையில் ருமேனியாக்காரர்களும் அதையேதான் செய்துகொண்டிருப்பார்கள்.

அப்படி ஒரு மிளகாய்க் காலத்தில்தான் நெவெனாவின் முகம் கோணிப்போனது.

என் பெயர் தோத்கா; மூன்றாவது மாடி. டிராலிபஸ் ஓட்டுகிறேன்; கூரைமேல் இரண்டு கம்பம் நீட்டி மின்கம்பியைத் தொட்டு ஓடுகிற பஸ். எனக்கு நேர் மேலே நெவெனாவும் அவள் புருஷன் பனயோத்தும். பனயோத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்; தோள் அகலமான, குரல் சின்னதான மனிதன். நெவெனா எங்கள் ஊர் ஆப்பராவில், அந்த இசைநாடகக் குழுவில், முதல் புல்லாங்குழல் வாசிக்கிறவள். மூங்கில் குழல் இல்லை. வெள்ளிக்குழல், பக்கவாட்டில் பிடித்து ஊதுவது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் அவள்தான்.

அவள் ஆற்றோரக் கிராமத்துப் பெண். பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் பையன்கள் எல்லாரும் பித்தளை ஊதுகொம்புகளுக்கு அடித்துக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாமல் மிஞ்சியது ஒரு நசுங்கிய குழல். அதை இவள் எடுத்துக்கொண்டாள். அங்கிருந்து எங்கள் ஊர் இசைப்பள்ளி, அப்புறம் தலைநகர் சோஃபியா, அப்புறம் இத்தாலி, ஜெர்மனி என்று கச்சேரிகள். ஜெர்மனியில் ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா அவளை இருக்கச் சொன்னது. வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்டால், "அங்க தக்காளிக்கு வாசனையே இல்லக்கா" என்பாள். பனயோத் ஆற்றை விட்டு வரமாட்டான் என்பதுதான் நிஜம். இரண்டும் நிஜமாகவே இருக்கலாம்.

அவளிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. அடக்கம் காட்டத் தெரியாது அவளுக்கு. "நேத்து நான் ரொம்ப நல்லா வாசிச்சேன்" என்று சொல்வாள், நேற்று பீன்ஸ் சூப்பில் உப்பு சரியாக இருந்தது என்று சொல்கிற மாதிரி. வாசிப்பு சரியில்லாத அன்றைக்கும் அதே குரலில் அதைச் சொல்வாள். காலையில் அவள் நீளமாக ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் சமையலறைக் கூரை வழியாக இறங்கும். முதல் வருஷம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அது இல்லாமல் எனக்குக் காப்பி இறங்காமல் போனது.

அந்தக் காலையில் சத்தம் இல்லை. கதவைத் தட்டினாள். சட்டை முழுக்கக் காப்பி.

"அக்கா, என் வாய் ஒழுகுது," என்றாள். வார்த்தை குழறியது. இடது கண் மூடவில்லை. இடது பக்க வாய் இறங்கி, கன்னம் யாரோ கழற்றி மாட்டியது போலத் தொங்கிற்று.

பனயோத் பின்னாலேயே ஓடி வந்தான். கையெல்லாம் மிளகாய்க் கரி.

"நான்தான் காரணம் தோத்கா! நேத்து மிளகா சுடறதுக்காக பால்கனிக் கதவையும் தொறந்து வச்சேன், சமையக்கட்டு ஜன்னலையும் தொறந்து வச்சேன். நடுவுல இவ ஒக்காந்து தோல் உரிச்சிக்கிட்டு இருந்தா. ஊடுகாத்து அடிச்சிருச்சு!"

எங்கள் ஊரில் மனிதனுக்கு வருகிற எல்லா நோய்க்கும் ஊடுகாற்றுதான் காரணம். சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுக்க அதே பேச்சு. "காத்து அடிச்சிருச்சாம்." ஒவ்வொருவரும் வந்து, தன் அத்தைக்கு அடித்த காற்றைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்கள். பனயோத் ஜன்னல் இடுக்கில் எல்லாம் டேப் ஒட்டினான். அந்த வீட்டுக்குள் போனால் நமக்கு மூச்சு முட்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுங்கள், தூங்கும்போது கண்ணை ஒட்டி மூடுங்கள், கண்ணாடி முன்னால் பயிற்சி செய்யுங்கள் என்றார். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும் என்றார்.

"அந்தக் கொஞ்சம் எந்த எடத்துல நிக்கும்?" என்று நெவெனா கேட்டாள்.

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா. கண்ணுகிட்ட நிக்கலாம், உதட்டுகிட்ட நிக்கலாம்."

"கண்ணுகிட்டயே நிக்கட்டும் டாக்டர். கண்ணால நான் வாசிக்கறதில்ல," என்றாள். டாக்டர் சிரித்தார். நான் கூட இருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபரில் ஆப்பராவில் அந்த வருஷத்துக் காட்சிகள் தொடங்கின. அவள் நாற்காலியில் யாவோர் உட்கார்ந்தான். பத்து வருஷமாக அவளுக்குப் பக்கத்தில் இரண்டாவது குழல் வாசித்தவன். ஒல்லியாக, நகம் கடிக்கிற பழக்கத்தோடு, நல்ல பையன் என்று எல்லாரும் சொல்கிற வகை. எனக்கோ கூரையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. நெவெனா கண்ணாடி முன் நின்று ஆ, ஈ, ஊ என்று வாயை இழுத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள், அவளுக்குக் காது போய்விட்ட மாதிரி மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்கள். அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

முதல் பனி விழுகிற சமயத்தில் கண் மூடத் தொடங்கியது. கன்னம் மேலே ஏறியது. டிசம்பரில் ஒரு காலை, கூரையில் சத்தம் கேட்டது. கையில் இருந்த ரொட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சுரம் இல்லை. கெட்டில் கொதிக்கிற மாதிரி உஸ் என்று காற்று. அதற்கு நடுவில் எங்கேயோ ஒரு இழை சத்தம், உடனே அறுந்துபோயிற்று. மறுபடி உஸ். நான் வேலைக்குக் கிளம்பும்வரை அதுதான்.

படியிறங்கும்போது இரண்டாவது மாடிக்காரி கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"கேட்டீங்களா தோத்கா? பாவம்."

மறுநாள் நெவெனா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஒங்க டிப்போவுல எனக்கு ஒரு எடம் கெடைக்குமாக்கா?"

"எதுக்குடி? கண்டக்டர் வேலைக்கா?"

"வாசிக்கறதுக்கு. இங்க நான் உஸ்னு ஒரு தடவ ஊதினா, அஞ்சு மாடியும் பாவம்ங்குது. அவங்க வாயால சொல்லாட்டியும் எனக்குக் கேக்குது. பனயோத் இருக்காரே, நான் குழல எடுத்தாலே பாத்ரூமுக்குள்ள போயி தண்ணியத் தொறந்து விட்டுக்கறாரு. அழறாரோ என்னமோ. இதுக்கு நடுவுல எப்படி வாசிக்கறது? குழல்னா என்னன்னே தெரியாத ஆளுங்க இருக்கற எடமா வேணும்."

"அப்படின்னா எங்க டிப்போதான்," என்றேன்.

டயர் வைக்கிற அறை ஒன்று இருக்கிறது. பக்கத்தில் காற்றடிக்கிற கம்ப்ரஸர். அதற்கு ஸ்தோயில் என்ற கிழட்டு மெக்கானிக் காவல். யாரையும் மதிக்கமாட்டான். ரப்பர் நாற்றமும் எண்ணெய் நாற்றமும் அடிக்கிற அந்த அறையில், டயர் அடுக்கின் மேல் பழைய கோட்டை விரித்து உட்கார்ந்து, சின்னக் கண்ணாடி ஒன்றை எதிரே ஆணியில் மாட்டிக்கொண்டு நெவெனா ஊத ஆரம்பித்தாள். என் காலை ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவளைப் பார்ப்பேன். விரல் நுனி அறுத்த கையுறை, மூக்கு சிவந்து, மூச்சு புகையாக வரும்.

முதல் நாளே ஸ்தோயில் எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, காத்து எங்கயோ கசியுது. நான் கம்ப்ரஸர்தான் போச்சுன்னு ஓடி வந்தேன்."

"நான்தான் கசியறேன்," என்றாள் நெவெனா.

"வாஷர் மாத்திப் பாக்கலாமா?"

அவள் சிரித்தாள். செப்டம்பருக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு முகத்தில் ஒரு பக்கம்தான் முழுசாக ஏறியது. ஸ்தோயில் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "முகமும் கொஞ்சம் அலைன்மென்ட் போயிருக்குது," என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அவனை அடிக்கப் போனேன். "விடுக்கா," என்றாள். "இந்த ஆளு ஒருத்தன்தான் மூணு மாசமா எங்கிட்ட சாதாரணமா பேசியிருக்கான்."

மாதம் ஒன்று போனது. கசிவு நிற்கவில்லை. புது வருஷம் வந்தது. ஆறு கரையோரம் உறைந்து, நடுவில் பனிக்கட்டிகள் உரசிக்கொண்டு போயின. என் வண்டியின் கம்பங்கள் கம்பியிலிருந்து நழுவி விழ, ஒரு திருப்பத்துக்கு ஒரு முறை இறங்கி மாட்டிக்கொண்டிருந்தேன். கை மரத்துப்போய் டிப்போவுக்கு வந்தால், அவளும் கை மரத்துப்போய் உட்கார்ந்திருப்பாள். இருவரும் ஒரே பிளாஸ்க்கில் டீ குடிப்போம். அவள் பேசமாட்டாள். ஒரு நாள் மட்டும், "இதுவும் இல்லேன்னா நான் என்னவா இருப்பேன்னு யோசிச்சேன்க்கா. ஒண்ணுமே தோணல. பயந்துட்டு மறுபடி ஊதினேன்," என்றாள்.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம். நான் வண்டியை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறேன். கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவில் ஏதோ ஒன்று. என்ன என்று பிரித்துக் கேட்பதற்குள் ஸ்தோயிலின் குரல்: "டேய், கம்ப்ரஸர நிறுத்துங்கடா!"

நின்றது.

டயர் அறையிலிருந்து ஒரே ஒரு சுரம் வந்துகொண்டிருந்தது. கீழே, தாழ்வாக. நான் இருபது வருஷம் கூரை வழியாகக் கேட்ட சத்தம் இல்லை அது. அந்தப் பழைய சத்தம் வெளிச்சமாக, உருண்டையாக இருக்கும். இது கறுப்பாக, அடர்த்தியாக, ஓரத்தில் லேசான சொரசொரப்போடு இருந்தது. நல்ல ரொட்டியின் மேல்தோல் மாதிரி. அது போய்க்கொண்டே இருந்தது. கைத்துணியோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள்.

உள்ளே போனேன். அவள் குழலை இறக்கவில்லை. கண்ணால் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். குழலின் வாய்த்துளை உதட்டின் நடுவில் இல்லை. வலப்பக்கம் நகர்ந்து, வாயின் ஓரத்தை நோக்கி உட்கார்ந்திருந்தது.

"பாத்தியாக்கா?" என்றாள், குழலை மடியில் வைத்துக்கொண்டு. "இந்த எடது ஓரம் இருக்கே, இது இனிமே சரியா இறுக்காது. காத்து தானா வலப்பக்கம் ஓடுது. நான் என்ன பண்ணினேன், இத்தன நாளா அதப் புடிச்சு இழுத்து நடுவுக்குக் கொண்டு வந்துக்கிட்டே இருந்தேன். நடுவுலதான் வைக்கணும்னு பத்து வயசுலருந்து பழக்கம். இன்னிக்குக் கோவத்துல, சரி போ, நீ எங்க போறியோ அங்கயே நானும் வர்றேன்னு குழலக் கொண்டு போயி அங்க வச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா எல்லாத்தையும் மொதல்லருந்து படிக்கணும். கை, மூச்சு, எல்லாம்."

கதவோரம் ஸ்தோயில், "கசியல," என்று மட்டும் சொன்னான்.

குழல் வலப்பக்கம் நகர்ந்ததால் வலது கை இன்னும் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. தோள்பட்டை எரிந்தது. நான் அவளுக்குப் பழச்சாராயம் போட்டுத் தேய்த்துவிடுவேன். பனயோத்திடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவரு முகத்துல ஆச வந்துரும். அது வந்துட்டா நான் அதுக்காக வாசிக்க ஆரம்பிச்சிருவேன்," என்றாள். பனயோத்துக்கு அவள் டிப்போவுக்குப் போவது தெரியும். என்ன நடக்கிறது என்று கேட்கத்தான் அவனுக்குத் தைரியம் இல்லை.

பிப்ரவரியில் திராட்சைக்கொடி வெட்டும் திருநாள் வந்தது. அன்றைக்கு நெவெனாவின் வீட்டுக்கு ஹாரலம்பி வந்தார். ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிறவர். வெள்ளைத் தாடி, நெவெனாவோடு சேர்ந்து படித்தவர். தன் கொல்லையில் விளைந்த ஒயினைப் பெரிய கண்ணாடிக் குடுவையில் தூக்கிக்கொண்டு வந்தார். நான் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் இலையில் கறியும் சோறும் வைத்துச் சுற்றி வேகவைத்து ஒரு சட்டி கொண்டுபோயிருந்தேன். நான்கு பேரும் உட்கார்ந்தோம். ஜன்னல் டேப்பெல்லாம் அப்படியே இருந்தது.

இரண்டாவது கோப்பைக்குப் பிறகு ஹாரலம்பி தொண்டையைச் செருமினார்.

"நெவெனா, நேரா சொல்லிடறேன். ஒன் நாற்காலி ஒன்னோடதுதான். எப்ப வேணும்னாலும் வா. ஆரம்பத்துல கஷ்டமா இருந்தா ரெண்டாவது குழல்ல ஒக்காரு, யாவோர் மொதல்ல இருக்கட்டும். இல்ல, பள்ளிக்கூடத்துல கத்துக்குடுக்கற வேல வேணும்னாலும் நான் பேசறேன். ஒன்ன யாரும் தள்ளப்போறதில்ல."

"அப்பாடா," என்றான் பனயோத். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "நீங்க நல்லா இருக்கணும் அண்ணே."

நெவெனா முட்டைக்கோஸ் உருண்டையை இரண்டாக வெட்டினாள்.

"போட்டி வையுங்க," என்றாள்.

"என்னது?"

"மொதல் குழலுக்குப் போட்டி வையுங்க. வெளியூர் ஆளுங்களும் வரட்டும். யாவோர் வாசிக்கட்டும். நானும் வாசிக்கறேன். திரை போட்டு."

பனயோத் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "ஏண்டி, ஒனக்குப் பைத்தியமா? மனுசன் ஒக்காந்த எடத்துல நாற்காலியக் கொண்டு வந்து போடறாரு. நீ அத ஒதைச்சுத் தள்ளறியா?"

"ஒதைக்கல. எனக்கு அது வேணும். அதனாலதான் கேக்கறேன்."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா ரெண்டாவதுல ஒக்காருவேன். அதுக்கும் லாயக்கில்லேன்னா டிப்போவுல வண்டி கழுவுவேன். தோத்கா அக்கா சேத்துக்குவாங்க."

"என்ன இதுல இழுக்காத," என்றேன்.

ஹாரலம்பி தாடியைத் தடவினார். "திரை எதுக்கும்மா? ஒன் வாசிப்பு எங்களுக்குத் தெரியாதா?"

"அதுக்குத்தான் திரை," என்றாள் நெவெனா. "நீ இப்ப எங்கிட்டப் பேசறப்போ எங்க பாக்கற ஹாரலம்பி? என் வாயப் பாக்கற. தப்புச் சொல்லல, எல்லாரும் பாக்கறாங்க. நான் மேடையில ஏறி ஊதினா நீங்க காதால கேக்கமாட்டீங்க. கண்ணால கேப்பீங்க. சுமாரா வாசிச்சாலும் ஆகா, என்ன மனோதிடம்னு கை தட்டுவீங்க. நல்லா வாசிச்சாலும் அதே கை தட்டுதான். அப்புறம் நான் நல்லா வாசிக்கறேனா இல்லையான்னு சாகறவரைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு அது தெரிஞ்சாகணும்."

தெருவில் யாரோ பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"இருபத்தஞ்சு வருசத்துல," என்றான் பனயோத், "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, சுலபமான வழியில வந்துருக்கியா நீ?"

"ஒன்னக் கட்டிக்கிட்டேனே," என்றாள்.

ஹாரலம்பி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பனயோத் எழுந்து பால்கனிக்குப் போனான். அவனே ஒட்டிய டேப்பைக் கிழித்துக்கொண்டு கதவைத் திறந்து, குளிரில் நின்று சிகரெட் பிடித்தான்.

அடுத்த வாரம் நான் நெவெனா வீட்டில் இருந்தபோது யாவோர் வந்தான். அம்மா செய்த மிளகாய்ச் சட்டினி ஒரு புட்டி. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"அக்கா, போட்டின்னு சொன்னாங்க."

"ஆமா. உள்ள வா, காத்து வருது."

"எனக்கு அந்த நாற்காலி வேணும்க்கா." சொல்லிவிட்டு முகம் சிவந்துபோனான். "பொய் சொல்ல விரும்பல. இந்த நாலஞ்சு மாசம் அதுல ஒக்காந்து பாத்துட்டேன். நீங்க வர்றீங்கன்னு நான் கைய இழுத்துப் புடிச்சு வாசிக்கணும்னு எல்லாரும் எதிர்பாக்கறாங்க. நான் அப்படிச் செய்யமாட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன். கோவமா?"

நெவெனா அவன் கையிலிருந்து புட்டியை வாங்கினாள்.

"நீ கைய இழுத்துப் புடிச்சேன்னு எனக்குத் தெரிஞ்சுது, பல்ல ஒடைச்சிருவேன். பல்லு போனா குழல் வாசிக்க முடியாது, தெரியுமில்ல?"

அவன் சிரித்தான். ரொட்டி வெட்டிப்போட்டாள். சட்டினியைத் திறந்து மூவரும் தின்றோம். அவன் அம்மா பூண்டு அதிகம் போடுகிறவள். போகும்போது அவன் படியில் நின்று என்னிடம், "அக்கா எப்படி வாசிக்கறாங்க?" என்று மெதுவாகக் கேட்டான். "நான் பஸ் ஓட்டறவ தம்பி," என்று அனுப்பிவிட்டேன்.

போட்டி மார்ச் மாதத்தில். எல்லார் மணிக்கட்டிலும் வசந்தத்துக்குக் கட்டுகிற சிவப்பு வெள்ளை நூல். ஆறு உருகி, கலங்கி, கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசிக்கிறவர்கள் வேறு வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். நானும் பனயோத்தும் அரங்கத்துக்கு வெளியே தாழ்வாரத்தில், பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவு மூடியிருந்தாலும் சத்தம் தெளிவாகவே வந்தது. நடுவர்களுக்கும் மேடைக்கும் நடுவில் கறுப்புத் துணி கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளம் விரித்திருந்தார்களாம். வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பனயோத் கல்யாணத்துக்கு எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பொத்தான் மாட்டவில்லை.

முதல் ஆள் விரல் வேகமாக ஓட்டினான். மூச்சு போதவில்லை. "இது அவ இல்ல," என்றான் பனயோத். இரண்டாவது ஆள் மிகச் சுத்தம். ஒவ்வொரு சுரமும் துடைத்துவைத்த கிண்ணம் போல. யாவோராகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. "இது யாவோர்," என்று பனயோத்தும் சொன்னான். "நல்லாத்தான் வாசிக்கறான், பாவிப்பய."

அப்புறம் மூன்றாவது.

அந்தக் கறுப்புச் சுரம் தொடங்கியதும் டயர் நாற்றம் மூக்கில் ஏறிய மாதிரி இருந்தது. மெதுவாக இழுத்துக்கொண்டு போகிற பகுதி அது. நடுவில் ஒரு இடத்தில் குழல் மிகத் தாழ்ந்து, கிட்டத்தட்ட மனிதக் குரல் பக்கத்தில் போய், அங்கிருந்து ஒரே மூச்சில் ஏற வேண்டும். அந்த இடத்தில் அவள் தடுமாறுவதை நான் டிப்போவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இப்போது ஏறினாள். அவசரமே படாமல், வீட்டுப் படியில் ஏறுகிற மாதிரி ஏறினாள்.

பனயோத்தைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இது சோஃபியாக்காரன்," என்றான் என் காதோடு. "யாரோ பெரிய ஆளு. முடிஞ்சுபோச்சு தோத்கா. நம்ம ஆளால இதுக்கு மேல முடியாது. நான் சொன்னேன், வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன்."

அது யாரென்று என்னால் சொல்லியிருக்க முடியும். பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அது தவிர, அந்த வாசிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா என்னமா வாசிக்கறான்யா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நான்காவது ஆள் வாசித்தான். பனயோத் நிமிர்ந்து, நம்பிக்கையோடு கேட்டு, சுருங்கினான். "இதுவா அவ? இப்படி ஆயிட்டாளே," என்றான். அது யாரோ கடற்கரை ஊர்ப் பையன் என்று பிறகு தெரிந்தது.

கதவு திறக்க வெகுநேரம் ஆனது. ஹாரலம்பி முதலில் வெளியே வந்தார். தாழ்வாரத்தில் எங்களைப் பார்த்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நடுவருங்க ஏழு பேரும் மூணாவது ஆளுதான்னு சொல்லிட்டோம்," என்றார். "எந்த ஊருக்காரன்னுதான் எங்களுக்குள்ள பேச்சு. ஒருத்தர் வியன்னாவுல படிச்சவன்னாரு. நான் இல்ல, இவன் யாருகிட்டயும் படிக்காதவன், அதான் இப்படி வாசிக்கறான்னேன். சரி, திரைய எறக்குங்க, ஆளப் பாப்போம்னு சொன்னேன்."

பனயோத் எழுந்து நின்றான். "நெவெனா எத்தனையாவது அண்ணே?" என்று கேட்டான்.

ஹாரலம்பி அவனையே பார்த்தார். அவன் தோளைப் பிடித்து, திறந்த கதவுப் பக்கம் திருப்பினார்.

மேடையில் கறுப்புத் துணி தரையில் கிடந்தது. நெவெனா குழலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாவோர் நின்று, "அடுத்த வருசம் நான் திரை கேப்பேன்க்கா, பாத்துக்குங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். மூக்கை உறிஞ்சினான். "கேளுடா. கேக்காம இருக்காத," என்று அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். எங்களைப் பார்த்ததும், சத்தமாக, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி, "ரொம்ப நல்லா வாசிச்சேன்!" என்றாள்.

வீட்டுக்கு வரும்வரை பனயோத் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே நின்றபடியே வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நான் அவர்கள் வீட்டுக்கே போனேன். மிச்சமிருந்த பீன்ஸ் சூப்பைச் சூடாக்கினேன். நெவெனா பசியோடு சாப்பிட்டாள். அவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"எனக்குத் தெரியலையேடி," என்றான் கடைசியில். "பக்கத்துல ஒக்காந்திருக்கேன். காதுல விழுது. யாரோன்னு நெனச்சேன். இருபத்தஞ்சு வருசம் கேட்டிருக்கேன், எனக்குத் தெரியல."

"எனக்கே அது யாருன்னு பழகறதுக்கு நாளாச்சு," என்றாள் நெவெனா. "நீ இன்னிக்குத்தானே கேக்கற."

அவன் யோசித்தான். அவள் வாசிக்கும்போதெல்லாம் பனயோத் பேப்பர் படிப்பான். சிங்க்கில் நின்று மீன் செதில் சுரண்டுவான். சோஃபாவில் வாய் திறந்து தூங்குவான். வீட்டில் ஓடுகிற குழாய்த் தண்ணீர் மாதிரிதான் அது அவனுக்கு. இப்போது எழுந்தான். சமையலறை நாற்காலி ஒன்றை இழுத்து, அறைக்கு நடுவில், அவளுக்கு நேர் எதிரே போட்டான். கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினான். கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வாசி," என்றான்.

"சூப் ஆறிரும்."

"ஆறட்டும்."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு குழலைப் பொருத்தினாள். வலப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். நான் கீழே என் வீட்டுக்குப் போனேன். விளக்குப் போடாமல் சமையலறையில் நின்று கேட்டேன்.